கொம்புக்கு எத்தனை மார்க்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் முக்கிய சீசன் மொத்தமே ஒன்பது நாள்தான். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை விடியலில் தொடங்கி, அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும். அந்த நாட்களில் ஓ கிளேர் பக்கம் எந்தப் பெட்ரோல் பங்கில் நின்றாலும் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். முதல் கேள்வி, "கிடைச்சுதா?" அடுத்தது கொம்பைப் பற்றி, "எத்தனை பாயிண்ட்?" எடையைக் கேட்பவர் குறைவு. வயதைக் கேட்பவரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் வேட்டைக்குப் போக ஆரம்பித்தது கறிக்காக. மேலூரில் இருக்கும் மாமாவிடம் போனில் சொன்னபோது, "மாப்ளே, மானைச் சுட்டா உள்ள தூக்கிப் போட்ருவாண்டா, வேலை போயிரும்" என்று பதறினார். நம் ஊர்க் கணக்குக்கு அவர் சொன்னது சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே மானைத் தொட முடியாது. இங்கே நிலைமை தலைகீழ். மான்கள் பெருகிப்போய், ஒவ்வொரு கவுன்ட்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், இத்தனை மான் என்று மாநில அரசே அனுமதிச் சீட்டு விற்கிறது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்றிதழ் வைத்திருந்தால்தான் லைசென்ஸ். சுட்ட மானை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும்.

எனக்குக் காடு பழக்கிவிட்டவர் பக்கத்து நிலத்துக்காரர், ஓய்வு பெற்ற பால் பண்ணைக்காரர். "கொம்பை வேகவச்சுத் திங்க முடியாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்த ஊரில் பாதிப் பேர் சொல்வதும் அதுதான். ஆனால் அவர் வீட்டு கராஜில் நுழைந்தால் சுவர் முழுக்கக் கொம்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய டேப்பில் வருஷமும் ஒரு எண்ணும், 118, 131 என்று. கொம்பைப் பற்றிக் கவலைப்படாதவர் எதற்காக அளந்து எழுதி வைக்க வேண்டும்? கேட்டால் சிரித்து மழுப்புவார். பிறகு பழகப் பழகப் புரிந்தது, இங்கே பெரும்பாலான வேட்டைக்காரர்கள் அவரைப் போலத்தான். கொம்புக்காகப் போகிறேன் என்று சொல்லக் கூச்சம். கொம்பே முக்கியமில்லை என்றால் அது பொய்.

எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1996 முதல், மான் அளவுக்கு மீறிப் பெருகிய பகுதிகளில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டுப் பதிவு செய், அப்புறம்தான் ஆண் மானைச் சுடலாம். எண்ணிக்கையைக் குறைக்கப் பெண் மானைத்தான் குறைக்க வேண்டும் என்பதால் கணக்குப்படி அது சரியான விதி. வேட்டைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். பெண் மான் கிடைக்காமல் பரணில் உட்கார்ந்திருக்கும்போது வாழ்நாளின் பெரிய கொம்பு கண்ணெதிரே நடந்து போனால் என்ன செய்வது என்பதுதான் பேச்சு. 2011இல் சட்டமன்றம் அந்த விதியை எடுத்தே விட்டது. கறி மட்டும்தான் நோக்கம் என்றால் அத்தனை கோபம் வந்திருக்காது.

பாயிண்ட் என்பது கொம்பின் கிளை முனைகளின் எண்ணிக்கை. இதில் பிராந்திய வழக்கு உண்டு. கிழக்கிலும் இங்கே மத்திய மேற்கிலும் இரண்டு பக்கத்தையும் கூட்டிச் சொல்வார்கள், "எட்டுப் பாயிண்ட்". மலை மாநிலங்களில் பக்கத்துக்குப் பக்கம், "நாலுக்கு நாலு". இரண்டும் ஒரே மான்தான். மோதிரம் தொங்கினால் அதுவும் பாயிண்ட் என்று பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதிகாரபூர்வமாக அளப்பவர்கள் அதை ஏற்பதில்லை. முனை குறைந்தது ஒரு அங்குல நீளம் இருக்க வேண்டும், நீளம் அகலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

ஆனால் பாயிண்ட் எண்ணிக்கை ரொம்பக் கச்சாவான அளவு. நாலரை வயசு எட்டுப் பாயிண்ட் மான், ரெண்டரை வயசுப் பத்துப் பாயிண்டைவிடப் பெரிய கொம்போடு நிற்கும். அதனால்தான் விவரமானவர்கள் ஸ்கோரில் பேசுகிறார்கள். எங்கள் பகுதியில், பெரிய கொம்புகளை அளந்து பதிவேட்டில் ஏற்றும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்புக்காகச் சம்பளமில்லாமல் அளந்து கொடுக்கும் ஒரு முன்னாள் தொழிற்கல்வி ஆசிரியர் இருக்கிறார். குளிர்காலத்தில் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து எனக்கும் அளக்கக் கற்றுக்கொடுத்தார். கருவிகள் மிகச் சாதாரணம். கால் அங்குல அகலமுள்ள எஃகு டேப், சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி மெல்லிய எஃகுக் கேபிள், மடக்கு அடிக்கோல், சீவிய பென்சில். எல்லாம் எட்டில் ஒரு அங்குலத் துல்லியத்தில். 4/8 என்பதை 1/2 என்று எழுதக்கூடாது. கூட்டும்போது தப்பு வரும்.

பண்ணைக்காரர் சுட்ட ஒரு பத்துப் பாயிண்ட் கொம்பை முழுசாக அளந்தோம். கிளைகள் முளைக்கும் முதன்மைக் கொம்புதான் தண்டு; அதை அடிக்குமிழின் கீழ் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக நுனிவரை கேபிள் வைத்து எடுத்தால் வலது 21 4/8, இடது 20 6/8. பிறகு ஒவ்வொரு கிளையும். புருவத்துக்கு மேலே முளைப்பது ஜி-1, அதற்கடுத்து ஜி-2, ஜி-3, ஜி-4. வலப்பக்கம் 4, 8 6/8, 7 4/8, 3. இடப்பக்கம் 3 4/8, 9 2/8, 5 2/8, 2 6/8. கிளை தண்டிலிருந்து எங்கே ஆரம்பிக்கிறது என்பதில்தான் சண்டையே. அந்தக் கிளையே இல்லாவிட்டால் தண்டின் மேல் விளிம்பு எப்படி ஓடியிருக்கும் என்று நினைத்து, அங்கே பென்சில் கோடு போட வேண்டும். ஆசைப்பட்டவன் கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளுவான். கிளைக்குக் கால் அங்குலம் என்றாலும் எட்டுக் கிளைக்கு இரண்டு அங்குலம் கூடிவிடும். நண்பர்கள் வீட்டில் அளந்த ஸ்கோர் எப்போதும் பெரிதாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்து பருமன். பக்கத்துக்கு நான்கு இடத்தில், கிளைகளுக்கு நடுவே எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே டேப்பைச் சுற்ற வேண்டும். வலது 4 2/8, 3 6/8, 3 7/8, 3 4/8. இடது 4 2/8, 3 5/8, 3 7/8, 3 2/8. கடைசியாக இரண்டு தண்டுக்கும் நடுவே உட்பக்க அகலம், 16 2/8. அகலம் நீளமான தண்டைவிட அதிகமாக இருந்தால் தண்டின் நீளம் வரைதான் மார்க். இந்தக் கொம்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 132 7/8. இது மொத்த ஸ்கோர்.

இதோடு விட்டிருந்தால் உலகத்தில் பாதி வாக்குவாதம் இருக்காது. பூன் அண்ட் கிராக்கெட் முறையில் இடதும் வலதும் எங்கெல்லாம் வேறுபடுகிறதோ, அந்த வித்தியாசமெல்லாம் கழிக்கப்படும். இந்த மானுக்கு ஜி-3இல் மட்டும் 2 2/8 போனது, ஏனென்றால் இடப்பக்கக் கிளை நுனி உடைந்திருந்தது. வேறொரு ஆண் மானோடு மோதியதில் போயிருக்கும். மொத்தக் கழிவு 4 5/8. நிகர ஸ்கோர் 128 2/8. உடைந்த அந்தத் துண்டுக்கு அபராதம் இரண்டு தடவை: மொத்தத்தில் 2 2/8 குறைகிறது, வித்தியாசம் என்ற பெயரில் மறுபடி 2 2/8 கழிகிறது. உடையாமல் இருந்திருந்தால் நிகரம் 132 6/8 வந்திருக்கும். "வளர்ந்த கொம்பை வளரவே இல்லைன்னு சொல்ல இவங்க யாரு?" என்று பண்ணைக்காரர் முணுமுணுத்தார். அவர் கட்சி இங்கே பெரிய கட்சி.

அந்தக் கட்சிக்குத் தனி அளவு முறைகளே இருக்கின்றன. சஃபாரி கிளப் முறையில் இடது வலது வித்தியாசத்துக்குக் கழிவு கிடையாது. பக்மாஸ்டர்ஸ் முறையிலும் கிடையாது, அதோடு உட்பக்க அகலத்தையும் ஸ்கோரில் சேர்ப்பதில்லை. நடுவில் இருப்பது வெறும் காற்று, காற்றுக்கு எதற்கு மார்க் என்பது வாதம். வாதம் எனக்குப் பிடிக்கிறது. ஐரோப்பாவில் கதை முற்றிலும் வேறு. அங்கே சிஐசி என்ற அமைப்பின் முறையில் சின்ன ரோ மானின் கொம்பை எடை போடுகிறார்கள், தண்ணீரில் முக்கிக் கன அளவு பார்க்கிறார்கள், நிறத்துக்கும் மேலே இருக்கும் முத்துமுத்தான மொட்டுகளுக்கும் அழகு மார்க் தனி. 105 வந்தால் வெண்கலம், 115 வெள்ளி, 130 தங்கம். அங்குலத்தில் ஊறிப்போன எங்கள் ஆசிரியருக்கு அழகு மார்க் என்றதும் ஒரே சிரிப்பு.

ஆக, யார் "என் மான் 150" என்றாலும் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த முறை, மொத்தமா நிகரமா, பச்சையா காய்ந்ததா. சுட்ட கையோடு அளப்பது பச்சை அளவு. பூன் அண்ட் கிராக்கெட்டுக்கு அறை வெப்பத்தில் குறைந்தது 60 நாள் காய வேண்டும், அதற்குள் கொம்பு கொஞ்சம் சுருங்கும். பதிவேட்டில் இடம்பெற வேண்டிய குறைந்தபட்சமும் தெரிந்திருந்தால் பேச்சு எங்கே மிகைப்படுகிறது என்று பிடிபடும். இங்குள்ள வெள்ளைவால் மானின் சீரான கொம்புக்கு பூன் அண்ட் கிராக்கெட்டின் நிரந்தரப் பட்டியலில் நுழைய நிகரம் 170. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் விருதுப் பட்டியலுக்கு 160. சீரற்ற, தாறுமாறாகக் கிளைத்த கொம்புக்கு 195, 185. வில்லில் வேட்டையாடுபவர்களுக்கான போப் அண்ட் யங் கிளப் 125 கேட்கிறது. எங்கள் 128 2/8 வில்லில் விழுந்திருந்தால் அங்கே ஏறியிருக்கும். ரைஃபிளில் விழுந்ததால் கராஜ் சுவரோடு சரி. 170 வரும் மானை ஆயுள் முழுக்க வேட்டையாடியும் கண்ணால் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

இந்த எண் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எனக்குக் கருத்து உண்டு. 1914இல் எங்கள் மாநிலத்து டான்பரி அருகே ஜேம்ஸ் ஜோர்டன் என்பவர் ஒரு மானைச் சுட்டார். தலையைப் பாடம் பண்ணக் கொடுத்தார். பாடம் பண்ணுகிறவர் ஊரைவிட்டுப் போய்விட, கொம்பும் போனது. ஐம்பது வருஷம் கழித்து, 1964இல், மினசோட்டாவின் சாண்ட்ஸ்டோனில் பழைய சாமான் விற்பனையில் மூன்று டாலருக்கு ஒருவர் அதை வாங்கினார். அளந்தால் 206 1/8. 1971இல் அது சீரான கொம்பில் உலக சாதனை என்று அறிவிக்கப்பட்டது, சுட்டவர் பெயர் தெரியாமலேயே. ஜோர்டன்தான் சுட்டவர் என்று கிளப் ஒப்புக்கொண்டது 1978இல், அவர் இறந்த பிறகு. 1993இல் கனடாவின் சஸ்காட்செவனில் மைலோ ஹான்சன் சுட்ட 213 5/8 வரும்வரை அந்தச் சாதனை நின்றது. சீரற்ற கொம்பில் இன்னும் விசேஷம்: மிசூரியில் 1981இல் கிடைத்த 333 7/8 மானை யாருமே சுடவில்லை, செத்துக் கிடந்தது. அதுவும் பட்டியலில் இருக்கிறது.

ஏனென்றால் அந்தப் பட்டியல் ஆரம்பத்தில் வேட்டைக்காரனுக்குப் பரிசு கொடுக்க வந்ததில்லை. தியடோர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் 1887இல் கிளப்பைத் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் பெரிய விலங்குகள் கண்முன்னே அழிந்துகொண்டிருந்தன. 1922இல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் தலைகளுக்கும் கொம்புகளுக்கும் என்று திறந்த கட்டடத்தை, மறைந்துகொண்டிருக்கும் பெருவிலங்குகளின் நினைவாக என்றே அர்ப்பணித்தார்கள். இப்போதுள்ள ஸ்கோர் முறை 1950இல் வந்தது. பெரிய, சீரான கொம்பு வளர்கிறது என்றால் அங்கே ஆண் மான் முதிர்வயது வரை உயிரோடு இருக்கிறது, தீனி நன்றாக இருக்கிறது என்று பொருள். எண் சொல்வது நிலத்தைப் பற்றி. உயர வேலி போட்ட பண்ணைக்குள் சுட்ட மானை இன்றும் கிளப் ஏற்பதில்லை. காலப்போக்கில் அந்த எண்ணை வேட்டைக்காரர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் மாதிரி போட்டுக்கொண்டார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மிசிசிப்பி ஓரத்து பஃபலோ கவுன்ட்டி, பதிவேட்டில் ஏறும் மான்களுக்கு நாடு முழுக்கப் பேர் போனது. அங்கே காட்டுக்குக் குத்தகையும் விலையும் கொம்பைப் பார்த்துத்தான். உள்ளூர்ப் பையன்கள் அப்பா காலத்தில் சும்மா கேட்டு நுழைந்த காடுகளில் இன்று பூட்டு தொங்குகிறது. ஸ்கோரின் மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் இதுதான்.

அளக்கக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், கொம்பைவிட வயதைப் பார்க்கப் பழகியது. கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைப்பது. வசந்தத்தில் ஆரம்பித்துக் கோடை முடிவதற்குள் முழுசாக வளர்ந்துவிடும். அதன் அளவை முடிவு செய்வது வயது, தீனி, பரம்பரை மூன்றும். இதில் நம் கையில் இருப்பது வயது மட்டும். சுடாமல் விட்டால் வயது கூடும், அவ்வளவுதான் வித்தை. ஒன்றரை வயசில் ஊசிக் கொம்போடு நிற்கும் மானைப் பார்த்து "இது தேறாது, சுட்டுறு" என்பார்கள். அதே மான் நாலு வயசில் எட்டுப் பாயிண்டோடு வருவதுண்டு. பென்சில்வேனியா 2002இல் ஒரு பக்கத்தில் இத்தனை முனை இல்லாத மானைச் சுடக்கூடாது என்று சட்டமே போட்டது, இளசுகளைக் காப்பாற்றத்தான்.

செத்த மானின் வயதைப் பல்லில் பார்க்கலாம். நம் ஊர் மாட்டுச் சந்தையில் உதட்டை விலக்கி நாலு பல்லா ஆறு பல்லா என்று பார்ப்பது போலத்தான், ஆனால் இங்கே பார்ப்பது கடைவாய்ப் பக்கம். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில் முன்னாலிருந்து மூன்றாவது மூன்று மடலாக இருந்தால் அது பால் பல், மானுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் இருக்காது. ஏறக்குறைய அந்த வயதில் அது விழுந்து இரண்டு மடல் பல் முளைக்கும். அதற்கு மேல் தேய்மானத்தை வைத்து உத்தேசமாகச் சொல்வதுதான். மில்வாக்கியிலிருந்து வரும் நம் பையன் ஒருவன், "அண்ணே, எனக்கு எட்டுப் பாயிண்ட்ணே!" என்று போனில் கத்தினான். "பல்லைப் பாத்தியா தம்பி?" என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "பாத்துட்டு கூப்பிடுறேண்ணே" என்று வைத்துவிட்டான். இரண்டரை வயது.

பரணில் உட்கார்ந்து உத்தேசம் போட மானின் உடம்பே அளவுகோல். காதை விறைத்து நிமிர்ந்து நிற்கும்போது காது நுனிக்குக் காது நுனி சுமார் 16 அங்குலம். கொம்பு காதுக்கு வெளியே தெரிந்தால் அகலம் நன்றாக இருக்கிறது. அகலத்தை முன்னாலிருந்து பாருங்கள், தண்டையும் கிளையையும் பக்கவாட்டில். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாக் கொம்பும் பெரிசுதான். சுடுவது என்று முடிவெடுத்த கணத்திலிருந்து கொம்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். கொம்பையே பார்த்துக்கொண்டு விசையை இழுப்பவரின் குண்டு நெஞ்சுக்கூட்டுக்குப் போவதில்லை; காயத்தோடு ஓடும் மானை இருட்டில் தேட வேண்டி வரும்.

விழுந்த பிறகு இரண்டு விஷயம். மண்டையோட்டை நடுவில் அறுத்துவிடாதீர்கள், கறி வெட்டுபவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிளந்த மண்டையை ஒட்டி வைத்தால் உள் அகலம் உண்மையா என்று சொல்ல முடியாது என்பதால் பூன் அண்ட் கிராக்கெட் அதை ஏற்பதே இல்லை. அடுத்தது உடல் மெலிந்து சாகும் சிடபிள்யூடி நோய். விஸ்கான்சினில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது, இப்போது பல கவுன்ட்டிகளில் இருக்கிறது. பரிசோதனைக்குத் தலையோடு சில அங்குலம் கழுத்தையும் சேர்த்து, அரசு வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். கொம்பை மண்டைத் தகட்டோடு முன்பே எடுத்துக்கொள்ளலாம், அது தடையில்லை. தலையைப் பாடம் பண்ணப் போகிறீர்கள் என்றால் மாதிரி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முடிவு வரும்வரை கறியைத் தனியாக, மான் வாரியாகப் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். நோய் இருந்தால் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. என் வீட்டில் முடிவு வந்த பிறகுதான் மிளகுச் சுக்கா.

இவ்வளவுக்குப் பிறகும் பதிவு செய்ய ஆசை இருந்தால் செய்யுங்கள். கிளப் அளவாளர்கள் அளப்பதற்குக் காசு வாங்குவதில்லை, பதிவுக்குத்தான் கிளப்பில் கட்டணம். டிசம்பரில் போய் அவர்கள் கதவைத் தட்டாதீர்கள். சுட்ட தேதியைக் கொம்பில் கட்டி, கராஜில் உறைய விடாமல் வீட்டுக்குள் காய வைத்து, பிப்ரவரியில் போன் பண்ணிவிட்டுப் போங்கள்.